கறி ருசியும் கடைசி இரண்டு மாதத் தீவனமும்

தீபாவளி நெருங்க நெருங்க மலேசியாவின் குளுவாங் சந்தையில் ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும். உள்ளூர் ஆடா, ஃப்ரோசன் ஆடா? உள்ளூர்க் கட்சிக்காரர், “காட்டுல புல் மேஞ்ச ஆடுண்ணே, அந்த ருசி பெட்டியில வர்ற கறிக்கு வருமா?” என்பார். எதிர்க்கட்சி அக்கா விடமாட்டார். “மூணு விசில்ல வெந்துடுது, வாடை இல்ல, வெலையும் கொறைச்சல். வேற என்ன வேணும்ங்கிறீங்க?”

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒப்பிடும் முறையில்தான் கோளாறு. இங்கே அறுப்பது பெரும்பாலும் வெள்ளாடு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறைய வைத்து வருவதில் பெரும்பகுதி செம்மறி. இனம் வேறு, வயது வேறு, அறுத்த பிறகு நடந்த பக்குவம் வேறு, தின்ற தீவனம் வேறு. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டு, நல்லதற்கெல்லாம் புல்லுக்குப் பேர் கொடுத்துவிடுகிறோம், கெட்டதற்கெல்லாம் ஐஸ் பெட்டியைத் திட்டுகிறோம்.

மலேசியர்கள் தின்னும் ஆட்டிறைச்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உள்நாட்டில் வளர்ந்தது. மீதி கப்பலில் வருவது. அதனால் ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர் தன் குட்டிக்குக் கடைசியாக என்ன போட்டார் என்பது குளுவாங் சட்டிக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான். கறிக்கு அனுப்புவதற்கு முன் ஆட்டுக்குக் கனத்த தீவனம் கொடுத்து உடம்பு ஏற்றும் காலத்தை அங்கே ஃபினிஷிங் என்பார்கள். நம் ஆட்கள் ‘தேத்தி விடுறது’ என்று சொல்வதும் அதைத்தான். கடைசி ஆறு முதல் பத்து வாரம் வரை. இந்தக் குறுகிய காலத்தில் ஆட்டின் இறைச்சியில் எது மாறுகிறது, எது மாறுவதே இல்லை என்று தெரிந்துகொண்டால் சந்தை வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

கோழியும் பன்றியும் தின்ற எண்ணெய் பெரிய மாற்றமில்லாமல் அவற்றின் கொழுப்பில் வந்து படியும். ஆடு அப்படியில்லை. ருமென் எனப்படும் பெருவயிற்றுக்குள் தோசை மாவு புளிப்பதுபோல ஓயாமல் புளிப்பு நடந்துகொண்டிருக்கிறது. கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் தானியத்தையும் முதலில் தாங்கள் தின்று, மிஞ்சிய அமிலங்களையும் தங்கள் உடலையுமே ஆட்டுக்கு உணவாகக் கொடுக்கின்றன. தீவனத்தில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அவற்றுக்கு ஆகாது. அதனால் அதில் ஹைட்ரஜனை ஏற்றி நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. அப்படி மாறி வருவதில் முக்கியமானது ஸ்டியரிக் அமிலம். ஆட்டுக் கொழுப்பு உருக 44 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், நம் வாயின் சூடு 37 டிகிரிதான். ஆறிய ஆட்டுக்குழம்பின் மேல் வெள்ளை ஏடு படிவதும், அண்ணத்தில் மெழுகாக ஒட்டுவதும் இதனால்தான். எந்தத் தீவனம் போட்டாலும் இந்தக் குணம் அடியோடு போகாது.

ஆனாலும் நுண்ணுயிர்களின் கையில் சிக்காமல் கொஞ்சம் தப்பி வரும். பச்சைப் புல்லில் லினோலெனிக் அமிலம் அதிகம், அது ஒமேகா-3 வகை. சோளம், பார்லி போன்ற தானியங்களில் லினோலெயிக் அமிலம் அதிகம், அது ஒமேகா-6 வகை. புல்லிலேயே முடித்த ஆட்டின் இறைச்சியில் ஒமேகா-3 கூடுதலாக இருப்பதும், தானியத்தில் முடித்ததில் ஒமேகா-6 கூடுவதும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. இதை வைத்து ‘புல் மேய்ந்த ஆடு இதயத்துக்கு மருந்து’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது மிகை. வித்தியாசம் உண்மை, அளவு சொற்பம். ஒமேகா-3தான் வேண்டும் என்றால் கெம்போங் மீன் வாங்குங்கள், அதில் பல மடங்கு இருக்கிறது, பணமும் மிச்சம்.

புல்லின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பச்சைத் தழையில் வைட்டமின் ஈ நிறைய. அது தசையில் சேர்ந்து, இறைச்சியின் சிவப்பு பழுப்பாக மாறுவதையும், கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போவதையும் தள்ளிப்போடுகிறது. மாதக்கணக்கில் ஃப்ரீசரில் கிடக்கப்போகும் இறைச்சிக்கு இது பெரிய விஷயம். காய்ந்த வைக்கோலும் தானியமும் மட்டும் தின்ற ஆட்டுக்கு இந்தக் காப்பு கிடையாது, பண்ணைக்காரர்தான் தீவனத்தில் வைட்டமினைக் கலந்து ஈடுகட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உப்பு நிலங்களில் சால்ட்புஷ் என்று ஒரு புதர் வளர்கிறது. கோடையில் புல் எல்லாம் கருகிய பிறகும் அது பச்சையாக நிற்கும். அதை மேய்ந்த ஆட்டின் தசையில் வைட்டமின் ஈ கூடி, வெட்டி வைத்த துண்டு அதிக நாள் சிவப்பாகவே இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வெட்டிய தொடைக்கறி கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டாம் நாளே பழுப்படிப்பதற்கும், அடுத்த கடையில் நான்காம் நாளும் சிவந்து கிடப்பதற்கும் ஆடு தின்றதிலும் ஒரு காரணம் இருக்கலாம்.

தானியத்தின் லாபம் கொழுப்பின் அளவில். ஆட்டின் உடலில் கொழுப்பு ஒரு வரிசைப்படி சேர்கிறது. முதலில் குண்டிக்காயை (சிறுநீரகத்தை)ச் சுற்றி, பிறகு தசைகளுக்கு நடுவே, அப்புறம் தோலுக்கு அடியில். தசை நாருக்குள்ளேயே மெல்லிய இழையாக ஏறும் கொழுப்பு கடைசியில்தான் வரும். கடித்ததும் வாயில் ஈரம் ஊறுவது இந்த உட்கொழுப்பால். ஆஸ்திரேலியாவில் இறைச்சித் தரம் பார்ப்பவர்கள் முதுகுத் தசையில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு உட்கொழுப்பு இருந்தால் நல்லது என்கிறார்கள். 3க்குக் கீழே போனால் வாட்டும்போது வறண்டுவிடும். மெலிந்த ஆட்டுக்குக் கடைசி வாரங்களில் சத்துள்ள தீவனம் கொடுக்காவிட்டால் இந்தக் கடைசி வரிசைக்குக் கொழுப்பு வந்து சேரவே சேராது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உட்கொழுப்பைப் பற்றிய கவலை எல்லாம் வாட்டித் தின்பவர்களுக்கு உரியது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வெஸ்டர்ன் ஸ்டாலில் லேம்ப் சாப் வாங்கினால் அது முக்கியம். மிளகுப் பிரட்டலுக்கும் ஓரளவு முக்கியம். ஆனால் தேங்காய்ப் பால் ஊற்றி ஒன்றரை மணி நேரம் கொதிக்கும் குழம்புக்கு எலும்பும் சவ்வும்தான் ருசி. அதற்குக் கொஞ்சம் வயதான ஆடே மேல். ‘இளங்குட்டிதான் வேண்டும்’ என்று குழம்புக்குக் கேட்டு வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி. வீட்டில் இதை ஒப்புக்கொள்ள ஆள் இல்லை.

இனி வாடை. இதுதான் வழக்கின் நடுப்புள்ளி. ‘கவிச்சி’ என்றும் ‘மொச்சை’ என்றும் நாம் சொல்லும் வாடைக்கு வேதியியலில் இரண்டு தனித்தனி ஊற்றுகள் இருக்கின்றன. இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வருபவை.

முதலாவது புல்லிலிருந்து வருவது. இளம் புல்லிலும் பயறு வகைக் கொடிகளிலும் புரதம் அதிகம், அது பெருவயிற்றில் மளமளவென்று உடையும். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்கு மாவுச்சத்து கூடவே இருக்காது. மிஞ்சிய டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை நுண்ணுயிர்கள் ஸ்கடோல், இண்டோல் என்ற வாசனைப் பொருள்களாக மாற்றுகின்றன. இவை இரத்தத்தில் கலந்து கொழுப்பில் போய்த் தங்கும். சட்டியில் கொழுப்பு உருகும் அந்த முதல் நிமிடத்தில் மூக்கில் ஏறும் கொட்டில் வாடையில் இவற்றின் பங்கு பெரிது. வெறும் புல்லைவிட குளோவர், லூசர்ன் போன்ற பயறு வகைகளை மேய்ந்த ஆட்டில் இது கூடுதல். சில வாரம் தானியம் கொடுத்தால் குறைந்துவிடும்.

அப்படியானால் தானியம் போட்டால் வாடை ஒழிந்ததா? அதுதான் இல்லை. 1975இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் செம்மறிக்கே உரிய வாடைக்குக் காரணமாகக் கிளைச்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் சிலவற்றைச் சுட்டினார்கள். அவற்றில் ஒன்று 4-மெத்தில் ஆக்டனோயிக், அதே குடும்பத்தில் இன்னொன்று 4-எத்தில் ஆக்டனோயிக். இரண்டாவது பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். காயடிக்காத வெள்ளாட்டுக் கிடா பக்கத்தில் நின்றால் அடிக்குமே, அதுதான் அது. மாவுச்சத்து மிகுந்த தீவனம் போட்டால் பெருவயிற்றில் புரோபியோனிக் அமிலம் அதிகமாக உண்டாகும். கல்லீரல் சமாளிக்கும் அளவுக்கு மேல் போனால் மிஞ்சியது இந்தக் கிளைச்சங்கிலி அமிலங்களாகக் கொழுப்பில் வந்து சேர்கிறது. ஆக, தானியம் ஒரு வாடையைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டும். இந்த இரண்டாவது வாடை வயது ஏற ஏறக் கூடும், காயடிக்காத கிடாவில் இன்னும் கூடும். ஆறேழு மாதக் குட்டியில் வாடை குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் வயதுதான் காரணம், தீவனத்துக்கு அடுத்த இடம்தான்.

தானியத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1970களில் ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வுக்கழகத்தில், அரைத்த பார்லியை நிறையக் கொடுத்து வளர்த்த குட்டிகளின் தோலடிக் கொழுப்பு கெட்டியாகாமல் கொழகொழவென்று எண்ணெய்ப் பதத்தில் இருப்பதைக் கண்டார்கள். கசாப்புக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. தேடிப் பார்த்ததில் அதே கிளைச்சங்கிலி விவகாரம்தான். தீர்வு எளிமையாக இருந்தது. பார்லியை அரைக்காமல் முழுத் தானியமாகவே போட்டால் ஆடு நிதானமாக மென்று அசைபோடும், எச்சில் அதிகம் ஊறும், புளிப்பின் வேகம் குறையும், கொழுப்பும் கெட்டிப்படும். மாடுகளுக்குத் தானியத்தை நொறுக்கித்தான் போட வேண்டும். ஆடுகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எந்த வாடை நல்ல வாடை என்று கேட்டால் அறிவியல் கைவிரித்துவிடும். ஐரோப்பாவில் பிரிட்டிஷ் சுவைஞர்களிடமும் ஸ்பானிய சுவைஞர்களிடமும் இரு நாட்டு ஆட்டிறைச்சியையும் கொடுத்துப் பார்த்தார்கள். புல்லில் வளர்ந்து கொஞ்சம் வயதான ஆடு பிரிட்டிஷ்காரர்களுக்குப் பிடித்தது, அதன் வாடை ஸ்பானியர்களுக்கு ஆகவில்லை. பாலும் தானியமும் தின்ற இளங்குட்டி ஸ்பானியர்களுக்கு உயர்வு, பிரிட்டிஷ்காரர்களுக்கு அது சப்பென்று இருந்தது. அவரவர் சிறுவயதில் தின்றதுதான் அவரவருக்கு உயர்ந்த ருசி. பால்மரக் (ரப்பர்) காட்டில் மேய்ந்த வெள்ளாட்டைத் தின்று வளர்ந்த தாத்தாவுக்கு அந்த வாடைதான் கறி. ஃப்ரோசன் கறியில் வளர்ந்த பேத்திக்கு அது ‘ஸ்மெல்’. இருவரையும் ஒரே இலையில் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணுவது ஆகாத வேலை.

ஃப்ரோசன் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது என்று ஒரு பழி இன்னும் உலவுகிறது. அதற்குப் பின்னால் தீவனத்தைவிட குளிருக்குத்தான் பங்கு அதிகம். 1882இல் டனீடின் என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து லண்டனுக்கு உறைந்த ஆட்டிறைச்சியை ஏற்றிப் போய் அந்த வணிகத்தைத் தொடங்கி வைத்தது. பிற்பாடு குளிர்பதன இயந்திரங்களின் வேகம் கூடியபோது, அறுத்த உடனே படுவேகமாகக் குளிர வைத்த இறைச்சி கட்டையாகிப் போவது தெரிந்தது. 1963இல் நியூசிலாந்தில் லாக்கர், ஹாகியார்ட் என்ற இருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தசையில் இன்னும் உயிர்ச்சக்தி மிச்சமிருக்கும்போது குளிர் தாக்கினால் நார்கள் சுருட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு அங்கே அறுவைக்கூடங்களில் மின்சாரம் பாய்ச்சியும், குளிர வைப்பதை நிதானப்படுத்தியும் இதைச் சரிசெய்தார்கள். இதிலும் தீவனத்துக்கு ஒரு சின்ன வேடம் உண்டு: தோலடியில் நல்ல கொழுப்புப் போர்வை உள்ள உடல் மெதுவாகக் குளிரும், மெலிந்த உடல் சட்டென்று குளிர்ந்து சுருட்டிக்கொள்ளும்.

இதே கூத்து நம் வீட்டிலும் நடக்கிறது. விடியற்காலை அறுத்த ஆட்டைச் சூடு ஆறுவதற்குள் வாங்கி வந்து, அப்படியே ஃப்ரீசரில் தள்ளிவிட்டு, மறுநாள் உருக்கிச் சமைத்தால் உலகத்தின் சிறந்த தீவனம் தின்ற ஆடும் செருப்பாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்துவிட்டு அப்புறம் சமையுங்கள், அல்லது அதற்குப் பிறகு ஃப்ரீசரில் வையுங்கள். செலவில்லாத வைத்தியம்.

சரி, நம் பக்கத்து ஆடு என்ன தின்கிறது? பால் வெட்டு முடிந்து பிற்பகலில் ஆட்டை ஓட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போன காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, லயத்து ஜனங்கள் தாமான் வீடுகளுக்கு வந்தார்கள், ஆட்டுக்கொட்டகைக்கு இடம் போயிற்று. ஆனால் மரத்தடியில் ஆடு வளர்ப்பதை ஏழைகளின் பழக்கம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1980களில் மலேசிய ரப்பர் ஆய்வுக்கழகமே ரப்பர் மரங்களுக்கு அடியில் செம்மறி மேய்த்துப் பார்த்தது. களை வெட்டும் செலவும் மருந்தடிக்கும் செலவும் குறையும் என்பது கணக்கு. வெள்ளாட்டைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் எந்தத் தண்டலுக்கும் தெரியும், அது மரப்பட்டையைக் கடித்துவிடும். மாலின் என்று பெயர் வைத்த உள்நாட்டுச் செம்மறியை டார்செட் ஹார்ன் போன்ற சீமை இனங்களோடு கலந்தார்கள். உரோமம் குறைந்த பார்படோஸ் பிளாக்பெல்லி இனமும் பின்னால் வந்து பரவியது. குளுவாங்கைச் சுற்றி இதெல்லாம் அந்நியச் செய்தி இல்லை. கால்நடை உதவியாளர்களைப் பயிற்றுவிக்கும் மலேசியக் கால்நடைக் கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது.

மேய்ச்சலின் சிக்கல் நிழல். இளங்கன்றாக இருக்கும் வரை வரிசைகளுக்கு நடுவே வெயில் விழும், நிலமூடிக் கொடிகள் செழிக்கும், ஆட்டுக்குக் கொண்டாட்டம். மரம் தலைகூடிவிட்டால் கீழே பெரணியும் நிழலைத் தாங்கும் சில புற்களும்தான் மிஞ்சும். அந்தப் புல்லில் நீர் அதிகம், சத்து குறைவு. அதை மட்டும் மேய்ந்தால் ஆடு நாளுக்கு 100 கிராம் எடை ஏறுவதே பெரும்பாடு, குளிர்நாட்டில் நன்றாகத் தீவனம் தின்னும் குட்டி 200, 300 கிராம் ஏறுகிறது. குடற்புழு வேறு. அதனால் நம் ஆடு கறிப்பதத்துக்கு வரவே ஒன்றரை, இரண்டு வயது ஆகிவிடுகிறது. நாம் ‘புல் ருசி’ என்று கொண்டாடுவதில் ஒரு பகுதி உண்மையில் வயதின் ருசி. கட்டையாக இருப்பதும் அதே வயதால்தான்.

ஆக, தேற்றும் தீவனம் வேண்டும். ஆஸ்திரேலியப் பார்லியை இறக்குமதி செய்து ஆட்டுக்குப் போட்டால் கட்டுபடியாகாது. நம் மண்ணில் மலிவாகக் கிடைப்பது செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு. கடையில் பி.கே.சி. என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பழுப்பு நிறம், மணல்போல நறநறக்கும், லேசான தேங்காய் வாசம். புரதம் நூற்றுக்கு 14 முதல் 18 வரை இருக்கும். மலேசியா ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்து, பெரும்பகுதியை ஏற்றுமதி செய்துவிடுகிறது. நியூசிலாந்தின் பால்மாடுகள் நம் பிண்ணாக்கைத் தின்கின்றன, நாம் நியூசிலாந்து ஆட்டைத் தின்கிறோம். வியாபாரம் அப்படி.

பி.கே.சி.யில் மிஞ்சியிருக்கும் எண்ணெயில் லாரிக் அமிலம் அதிகம். அது முன்பே நிறைவுற்றது என்பதால் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கு அதில் வேலை இல்லை, நேராக ஆட்டின் கொழுப்பில் வந்து கொஞ்சம் படியும். ருசியில் பெரிய குற்றம் சொல்லும்படி எதுவும் நேராது. ஆபத்து ருசியில் இல்லை, தாமிரத்தில் இருக்கிறது.

செம்மறிக்குத் தாமிரத்தைக் கழித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. மாடும் வெள்ளாடும் தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது. ஐரோப்பிய ஒன்றியம் செம்மறித் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் தாமிரம் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. பி.கே.சி.யில் 20க்கு மேல், சில சமயம் 30க்கும் மேல் இருக்கிறது. வெறும் பி.கே.சி.யையே தின்ற செம்மறி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எந்தக் குறையும் காட்டாது. நன்றாகவே கொழுக்கும். தாமிரம் மட்டும் ஈரலில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் லாரியில் ஏற்றுகிறோம், அல்லது நாய் துரத்துகிறது, அல்லது இரண்டு நாள் அடைமழையில் தீவனம் தவறுகிறது. அந்த அதிர்ச்சியில் ஈரல் தன் சேமிப்பை இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடைந்து சிதறும். காலையில் போய்ப் பார்த்தால் ஆடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கும். கீழ் இமையை விலக்கினால் மஞ்சள். கொட்டகைத் தரையில் மூத்திரம் கறுஞ்சிவப்பாக, பால் ஊற்றாத கோப்பி நிறத்தில் கிடக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அறுத்துப் பார்த்தால் குண்டிக்காய் கருநீலமாக இருக்கும். நல்ல கொழுத்த ஆடு திடீரென்று செத்தால் கண்ணேறு பட்டது என்றும் யாரோ மருந்து வைத்தார்கள் என்றும் பேச்சு கிளம்பும். கிளம்புவதற்கு முன் தீவன மூட்டையைப் பார்ப்பது நல்லது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. செம்மறித் தீவனத்தில் பி.கே.சி. நூற்றுக்கு 30 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துத்தநாகமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்தால் தாமிரம் ஈரலில் ஏறுவது குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். மாட்டுக்கு விற்கும் தாதுக்கட்டியைச் செம்மறிக்குத் தொங்கவிடக் கூடாது, அதிலும் தாமிரம் உண்டு. மீதி 70 பங்குக்கு நறுக்கிய நேப்பியர் புல், உடைத்த சோளம், சோயாத் தோல், தாவு (டோஃபு) செய்யும் இடத்தில் கிடைக்கும் சோயாச் சக்கை என்று கையில் அகப்படுவதைக் கலக்கலாம். சோயாச் சக்கையை அன்றன்றைக்கே போட்டு முடித்துவிட வேண்டும். நம் வெயிலில் அது மறுநாள் தாங்காது.

மாற்றத்தைப் பத்துப் பதினான்கு நாளில் படிப்படியாகச் செய்ய வேண்டும். புல் தின்ற வயிற்றில் திடீரென்று தானியத்தைக் கொட்டினால் அமிலம் பொங்கி, ஆடு உப்பி, படுத்துவிடும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஞாபகம் வந்து மூட்டை மூட்டையாகச் சோளம் வாங்கிப் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அந்த மூன்று வாரத்தில் உட்கொழுப்பும் ஏறாது. குண்டிக்காயைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு சேரும், அதை யாரும் தின்பதில்லை.

கடைசி 60 நாள் ஒழுங்காகத் தேற்றி நாளுக்கு 150 கிராம் ஏறினால் 9 கிலோ உயிரெடை. அதில் கறியாக நிற்பது 4 கிலோவுக்கு மேல். இன்னொரு கணக்கும் இருக்கிறது, உயிரெடைக்கு ஆடு வாங்குபவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். புல் மட்டும் தின்ற ஆட்டின் வயிறு தண்ணீரும் நாருமாக நிறைந்திருக்கும், தராசில் அதற்கும் காசு கொடுக்கிறோம். கனத்த தீவனம் தின்ற ஆட்டின் குடல் சுமை குறைவு. 40 கிலோ ஆட்டில் கறி விழுவது நூற்றுக்கு 5 பங்கு மாறினால் 2 கிலோ கறி கூடிக் குறையும். ‘கிலோவுக்கு இரண்டு வெள்ளி மலிவு’ என்று புல் ஆட்டை வாங்கியவர் கடைசியில் லாபப்பட்டாரா என்பது அறுத்த பிறகுதான் தெரியும்.

அறுப்பதற்கு முந்தின நாளும் தீவனக் கணக்கில்தான் சேரும். தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாகி, இறைச்சியின் பி.எச். அளவை (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 பக்கம் இறக்குகிறது. அப்போதுதான் நல்ல சிவப்பும் நாள்பட்ட தாக்குப்பிடிப்பும் வரும். இரண்டு மாதம் தேற்றிய ஆட்டைக் கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, வெயிலில் லாரியில் குலுக்கிக் கொண்டுவந்து, இரவெல்லாம் கத்த விட்டால் அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடும். பி.எச். 6க்கு மேல் நின்றுவிடும். இறைச்சி கறுத்து, கையில் பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். முனியாண்டி கோயில் படையலுக்கு முதல் நாளே ஆட்டைக் கொண்டுவந்து, மாலை போட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று விளையாடும் இடத்தில் கட்டுகிறார்களே, பக்திக்குக் குறை இல்லை. ஒதுக்குப்புறமாக நிழலில், தண்ணீர் வைத்து, கூட இன்னோர் ஆட்டையும் கட்டினால் கறிக்கும் குறை வராது.

ஆடு தேறியிருக்கிறதா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். உரோமமும் வயிறும் ஏமாற்றும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு எலும்புக்கு முன்னால், முதுகின் மேல் கையை வையுங்கள். கட்டைவிரல் முதுகெலும்பின் மேல், மற்ற விரல்கள் பக்கவாட்டில். நடுமுள் கத்தி முனையாகக் குத்தினால், பக்க முட்களுக்கு அடியில் விரல் தாராளமாக நுழைந்தால், அது தேறாத ஆடு. அழுத்திப் பார்த்தால் மட்டும் முள் தட்டுப்பட்டு, இரு பக்கமும் தசை நிரம்பி மேலே மெல்லிய கொழுப்பு தெரிந்தால் அதுதான் பதம். எவ்வளவு அழுத்தியும் முள்ளே தெரியாவிட்டால் கொழுப்புக்குக் காசு கொடுக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். அப்படியே வாயைத் திறந்து முன்பல்லையும் பார்த்துவிடுங்கள். நிலைப்பல் இரண்டு முழுதாக எழும்பியிருந்தால் ஏறக்குறைய ஒன்றரை வயதுக் கணக்கு, பிரட்டலுக்கு வேண்டாம், குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் என்ன தீவனம், எத்தனை நாளாக, செம்மறியா வெள்ளாடா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற பண்ணையில் வாங்காதீர்கள்.

வெட்டிய கறியாக வாங்கினால் கொழுப்பின் நிறத்தைப் பாருங்கள். புல் தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சளடிப்பது இயல்பு. ஆடு அப்படியில்லை, அது புல்லே தின்றாலும் கொழுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். தொங்குகிற ஆட்டில் கொழுப்பும் சவ்வும் ஒருசேர மஞ்சளாக இருந்து, ஈரலும் மஞ்சளோடியிருந்தால், ‘நாட்டுப் புல் தின்ன ஆடும்மா’ என்று கடைக்காரர் எவ்வளவு பாசமாகச் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். அது மஞ்சள் காமாலை கண்ட ஆடு. கால்நடை அலுவலகத்துக்கு ஒரு போன் போடுவதும் நல்லது, அதே கொட்டகையில் இன்னும் எத்தனை ஆடு பி.கே.சி. தின்றுகொண்டிருக்கிறதோ.